நெஞ்சுக்குள்ள விழுந்த கட்டம்

எக்ஸ்ரே எடுக்கிறவன் பொழப்பே "மூச்சை இழுத்துப் பிடிங்க"ன்னு கத்துறதுதான். இதே வேலையில மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்களே, உங்களுக்குத் தெரியாததா? இப்ப ஊர் ஊராப் போயி முகாம் போடுற எங்க அரியலூர் எக்ஸ்ரே வேனுக்கு ஏஐ வந்தாச்சு. நுரையீரல் படத்துல புற்றுநோயோன்னு சந்தேகம் வந்தா, அந்த இடத்தைச் சுத்தி அதுவே சிவப்பா ஒரு கட்டம் போட்டுடும்.

ஊக்கு

செந்துறை முகாம்ல ஒரு அக்கா படத்துல பளிச்சுனு கட்டம். எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. உத்துப் பார்த்தா, தாலிக்கொடியில கோத்திருந்த ஊக்கு! கழட்டுங்கன்னா, கொடியை முதுகுப் பக்கம் தள்ளி விட்டுட்டு நின்னிருக்காங்க. கேட்டா என்னையே மடக்குறாங்க: "ஊக்கைக் கண்டுபுடிக்கவாங்க இம்மாம் பெரிய மிசினு?"

பரிகாரம்

தா.பழூர் கோவிந்தசாமி அண்ணன் நெல்லு போடுறவர். வாயில பீடி, ஓயாத இருமல். அவருக்கு விழுந்தது நிஜக் கட்டம். டாக்டரும் பார்த்துட்டு, உடனே திருச்சிக்குப் போயி ஸ்கேன் எடுக்கணும்னுட்டார். "அண்ணே, கட்டம் விழுந்திருக்கு, தள்ளிப் போடாதீங்க"ன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினேன்.

ஆளு ஸ்கேனுக்குப் போகவே இல்ல. பதறிப்போய் போன் அடிச்சா, மனுஷன் ஜாதகத்தைத் தூக்கிக்கிட்டு ஜோசியர்கிட்ட போயிருக்கார்! நிதானமாச் சொல்றார்: "பரிகாரம் பண்ணியாச்சு தம்பி. சனி நகர்ற வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லிட்டாரு."

அண்ணி

அடக் கடவுளே! சனி நகர்றதுக்குள்ள நோய் நகர்ந்துடுமே! வண்டியை எடுத்துக்கிட்டு அவர் வீட்டுக்கே போயி, அவர் சம்சாரம் அஞ்சலைகிட்ட படத்தைக் காட்டினேன். "இது ஜாதகக் கட்டம் இல்லண்ணி, நுரையீரல்ல கட்டியோன்னு சந்தேகம். இப்பவே பார்த்தா காப்பாத்திடலாம்."

அண்ணி நேரா அண்ணன்கிட்ட போனாங்க. பீடிக்கட்டைப் பிடுங்கி அடுப்புல போட்டாங்க. பையில துண்டும் வேட்டியும் வச்சாங்க. அப்புறம்தான் வாயைத் திறந்தாங்க: "எந்திரிய்யா. சனி அவரு வண்டியில வரட்டும், நாம திருச்சி பஸ்ஸப் புடிப்போம்."

கட்டம் எங்க?

புற்றுநோயேதான். ஆனா சின்னதா இருக்கும்போதே மாட்டிக்கிச்சு, ஆபரேஷன்ல எடுத்துட்டாங்க. சில மாசம் கழிச்சு, திருச்சியில செக்கப் பண்ணது போதாதுன்னு எங்க வேனுக்கும் வந்து நின்னார் அண்ணன், இளைச்சுப்போய். அவரை மூச்சைப் பிடிக்கச் சொல்லிட்டு நானும் பிடிச்சுக்கிட்டுத் திரையைப் பார்த்தேன். கட்டம் விழலை. சந்தோஷத்துல எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அண்ணன் எட்டிப் பார்த்தார், ஒரே பூரிப்பு: "பாத்தியா தம்பி, சனி நகர்ந்துட்டாரு!"

பேரு ஜோசியருக்கே போகட்டும், ஆளு தா.பழூர்ல நடமாடுறாரே, நம்ம பொழப்புக்கு அது போதும்.