தானாக வந்த சைபர்

பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் அவளுக்குச் சைபரக்கா என்று பெயர். பதவி, தொழில்நுட்ப உதவியாளர். பத்தொன்பது வருஷமாக வேலை ஒன்றே ஒன்றுதான்: துறைத்தலைவரின் நிரலைக் கணினியில் ஓட்டுவது.

அந்த நிரல் ஓர் எண்ணைத் தேடுகிறது. அணுக்கருப் பொருளை அமுக்கினால் அது எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்ற எண். நேராக அமுக்கிப் பார்க்க முடியாது. அதனால் ஈயத்தின் அணுக்கரு மூச்சு விடுவதுபோல உப்பி ஒடுங்கும் அதிர்வைச் சோதனைக்காரர்கள் அளந்து கொடுப்பார்கள். துகள்களுக்கு நடுவே உள்ள அசல் விசை யாருக்கும் முழுசாகப் பிடிபடாததால், அதற்கு ஈடாகப் பத்து எண்களைக் கொண்டு ஒரு விசையை எழுதி, இவர்கள் அதே அதிர்வைக் கணிப்பார்கள். எந்த விசை அளவோடு ஒத்துப்போகிறதோ, அதன் முரண்டே விடை. தலைவரின் விடை இருநூற்றுப் பதினைந்து. பதவி, வெளிநாட்டுப் பயணம், சுவரில் தொங்கும் கேடயம் எல்லாம் அந்த எண் போட்ட சோறு.

அவள் உயிரை வாங்கியது நிரலில் இருந்த ஒரு திருகு. அணுக்கருவை மொத்தமாக ஒரு பக்கம் தள்ளினால் அது சும்மா நகரும், அவ்வளவுதான். உள்ளே எதுவும் அதிராது. ஆகவே அந்த நகர்வின் ஆற்றல் கணக்கில் சைபர் வர வேண்டும். வராது. வரவழைக்க, விசை முழுவதையும் ஏதாவதோர் எண்ணால் பெருக்க வேண்டும்; அந்த எண்தான் திருகு. 0.91 போட்டுப் பார், 0.92 போட்டுப் பார், சைபர் வந்ததும் நிறுத்து. அடுத்த அணுக்கருவுக்கு மறுபடி முதலிலிருந்து.

"சார், இது தானா வரணுமில்ல?"

"எல்லாரும் இப்படித்தாம்மா பண்றாங்க."

"எல்லாரும் பண்ணா தப்பு சரியாயிடுமா?"

"நீ ஓட்டும்மா. யோசிக்கத்தான் நாங்க இருக்கோமே."

வீட்டுக்கு வந்து பையை வீசினாள். கணவர் பஸ் ஓட்டுநர். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"வண்டியில மீட்டர் முள்ளு தப்பா காட்டுதுன்னு வச்சுக்குங்க. விரலால தள்ளி வச்சிட்டு ஓட்டுவீங்களா?"

"ஏழாம் நம்பர் வண்டியில அப்படித்தான் தள்ளி வச்சிருக்கோம்."

"உங்ககிட்ட வந்து கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

மறுநாளிலிருந்து நிரலை வரி வரியாகப் படித்தாள். குற்றவாளி நாலாயிரத்துச் சொச்சமாவது வரியில் அகப்பட்டான். அசையாத அணுக்கருவைக் கணிக்கும்போது விசையின் எல்லாப் பகுதியும் உண்டு. அதிர்வைக் கணிக்கும்போது மட்டும், துகளின் தற்சுழற்சியைச் சுற்றோட்டத்தோடு பிணைக்கும் பகுதியும் மின்விலக்கமும் இல்லை. பழைய கணினி தாங்காது என்று யாரோ விட்டது. கணினி மூன்று முறை மாறிவிட்டது. விட்டது விட்டபடியே கிடந்தது.

எட்டு மாதம் சாப்பாட்டு இடைவேளைகளில் உட்கார்ந்து அந்தப் பகுதிகளை எழுதிச் சேர்த்தாள். திருகை ஒன்றில் வைத்து, அதாவது விசையைத் தொடாமல், ஓட்டினாள். சைபர் தானாக வந்தது. வெள்ளீயத்துக்கும் வந்தது. ஆனால் ஈயத்தின் அதிர்வு முன்பைவிடக் கீழே இறங்கியது. அளவோடு பொருத்த இன்னும் முரட்டு விசை தேவைப்பட்டது. விடை இருநூற்று முப்பத்தைந்து.

தாள்களைத் தலைவரிடம் கொடுத்தாள். மூன்றாம் நாள் கட்டுரை தயார். எழுதியவர்கள்: தலைவரும் அவருடைய இரண்டு ஆய்வாளர்களும்; அதில் ஒருவர் வரைபடங்களை வரைந்ததோடு சரி. அவளுக்குக் கடைசிப் பக்கத்தில் நன்றி, 'நிரலை ஓட்டியமைக்காக'.

"உன் பதவியில இருக்கிறவங்க பேரை மேல போடுற வழக்கமில்லம்மா."

"அந்த வழக்கத்தை யார் சார் வச்சது, அணுக்கருவா?"

கட்டுரை அப்படியே ஆய்விதழுக்குப் போயிற்று. ஆறு வாரத்தில் மதிப்பீட்டாளரின் மூன்று கேள்விகளோடு திரும்பி வந்தது. திருகு இல்லாமல் சைபர் எப்படி வந்தது, சேர்த்த பகுதிகள் ஒவ்வொன்றும் அதிர்வை எவ்வளவு நகர்த்தின, நிரலை எப்படிச் சரிபார்த்தீர்கள்? ஆய்வாளர்கள் இருவரும் அந்த வரிகளைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. தலைவர் அவளைக் கூப்பிட்டார்.

"இன்னைக்குள்ள பதில் எழுதிக் குடும்மா."

பதினொரு பக்கம் எழுதிக் கொண்டுபோய் மேஜையில் வைத்தாள். முதல் வரி: 'இந்தப் பகுதிகளை நிரலில் எழுதியவள் நான்; கட்டுரையில் என் பெயர் இல்லை.' கீழே கையெழுத்து.

"முதல் வரியை எடுத்துடு."

"எடுத்துடறேன் சார். ரெண்டாவது கேள்விக்குப் பதிலை நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

அவர் பக்கங்களைப் புரட்டினார். முன்னால் போனார், பின்னால் வந்தார். கடைசியில் பேனாவை எடுத்து அவள் பெயரை நாலாவதாக எழுதினார்.

"நாலாவதா சார்? படம் வரைஞ்சவருக்கும் பின்னாலயா?"

"இது ரொம்ப அதிகம்மா."

அவள் பதினொரு பக்கத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டாள். கதவு வரை போவதற்குள் பெயர் இரண்டாவது இடத்துக்கு ஏறிவிட்டது. முதல் வரியை அவளே கிழித்துப் போட்டாள்.

அச்சுக்கு முந்தைய பிரதி அவள் முகவரிக்கும் வந்தது. கணவர் எட்டிப் பார்த்துப் பெயரை விரலால் தடவினார். "வந்திடுச்சே! இனிமேயாவது மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காம இரு."

"இதைப் படிங்க முதல்ல." கட்டுரையைத் திருத்தி அனுப்பியபோது மூன்றாம் பக்கத்தில் அவள் சேர்த்திருந்தது, 'பழைய விடை தவறு.' யாரோ அதை, 'பழைய விடை இங்கே மேலும் செம்மையாக்கப்பட்டுள்ளது' என்று மாற்றியிருந்தார்கள். "பத்தொன்பது வருஷம் தப்பா சொன்னதுக்குப் பேரு செம்மையாம்!"

பிரதியோடு வந்த குறிப்பு, எழுதியவர்களில் எவரும் திருத்தம் அனுப்பலாம் என்றது. அந்த வாக்கியத்தை அடித்தாள். மேலே 'தவறு' என்று எழுதி, ஏன் தவறு என்பதையும் இரண்டு வரியில் சேர்த்து, தன் பெயரிலேயே அனுப்பினாள்.