பையும் பானை மூடியும்

யோங் பெங் ஊர் மண்டபத்தில் எங்களுக்கு வெள்ளப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவர் உள்ளூர்க்காரர்தான். ஒல்லியான உடம்பு, ஆரஞ்சுச் சட்டை. பத்திரங்களும் மருந்தும் வைத்த சிவப்புப் பையைத் தேநீர் குடிக்கும்போதுகூடத் தோளிலிருந்து இறக்க மாட்டார். "தண்ணி ஏறுனா இத மட்டும் தூக்குங்க. வேற எதையும் திரும்பிப் பாக்காதீங்க" என்று அதட்டினார்.

அந்த மழைக்காலத்திலேயே வெள்ளம் வந்தது. நிவாரண மையமாகியிருந்த பள்ளிக்கூடத்தில் அவரைப் பார்த்தேன். தொப்பலாக நனைந்திருந்தார். பையைக் காணோம். சோற்றுப்பானை மூடி ஒன்றை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"சார், பை எங்க?"

மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அலமாக்! பையத்தாம்மா எடுத்தேன்னு நெனச்சிட்டு வந்தேன்."

சிரிப்பதா, பயப்படுவதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. என் பை கதவருகில் தயாராகத் தொங்குகிறது. என் கையைத்தான் அடிக்கடி சந்தேகத்தோடு பார்த்துக்கொள்கிறேன்.