வால்ட்ராவுட்டின் துடைக்கும் துணி

பக்கத்து வீட்டு வால்ட்ராவுட் முப்பத்தோரு வருடம் குழாய் துடைத்தாள். வேறு வேலையே பார்க்கவில்லை என்று நினைக்க வேண்டாம். தபால் நிலையத்தில் உத்தியோகம் பார்த்தாள், கணவனை அடக்கம் செய்தாள், ஒரு மகளை வளர்த்தாள். ஆனால் ஜெர்மனியில் எங்கள் வூர்ட்ஸ்பர்க் ஊர்த் தண்ணீரின் சுண்ணாம்பு அப்படி. ஒரு சொட்டு காய்ந்தால் வெள்ளைத் தழும்பு. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் குளியலறையில் அது காய நிமிடம்கூட ஆகாது. இங்கே எல்லோரும்தான் துடைக்கிறோம். விருந்தாளி கை கழுவும்போதே பின்னால் துணியோடு நிற்பவள் இவள் ஒருத்திதான். எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

போன அக்டோபரில் மகள் பிர்கிட் விவாகரத்தாகி அம்மாவிடமே திரும்பி வந்தாள். வால்ட்ராவுட்டுக்குத் தலைகால் புரியவில்லை. இனி தனியாகச் சாப்பிட வேண்டாம் என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். எல்லாம் இரண்டே வாரம். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

“அம்மா, நான் இன்னும் பல்லே வெளக்கி முடிக்கல!”

“முடிச்சிட்டு குழாயை ஈரமா அப்படியே போட்டுட்டுத்தானே போவே. எனக்குத் தெரியாதாடி உன்னை?”

அம்மாவின் பிறந்தநாளன்று பிர்கிட் நல்லது செய்யத்தான் நினைத்தாள். குழாயில் இறுகியிருந்த சுண்ணாம்பு கரையட்டும் என்று, காட்டமான வினிகரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி முனையில் கட்டிவிட்டு வேலைக்குப் போனாள். அரை மணியில் அவிழ்க்க வேண்டியதை மறந்துவிட்டாள். அம்மா தோழிகளோடு கேக் சாப்பிடப் போயிருந்தாள். பை சாயங்காலம் வரை தொங்கியது. முலாம் உரிந்து, உள்ளே பித்தளை கறுத்துவிட்டது.

“இந்த லட்சணத்துல குடும்பம் நடத்தினா எவன்டி கூட இருப்பான்?”

வால்ட்ராவுட் கத்தியது படிக்கட்டு வரை கேட்டது. அன்றே பிர்கிட் பெட்டியோடு இறங்கிப் போனாள்.

மறுவாரம் புதுக் குழாய் பொருத்த வந்த பிளம்பர் கெஸ்ட்லர் பழையதைக் கழற்றிக் காட்டினார். உள்ளே முழுக்கச் சுண்ணாம்பு.

“ஐஸ் மாதிரி தண்ணி, அடுத்த நொடி கொதிக்கிற தண்ணி. அதுல வாஷரும் வெடிச்சிருக்கு பாருங்க. வெளியே துடைச்சு என்ன பிரயோஜனம்? வினிகர் படலைன்னாலும் இது கோடை வரைக்கும் தாங்கியிருக்காது.”

அவர் போனதும் வால்ட்ராவுட் வெளுத்த முகத்தோடு என்னைக் கூப்பிட்டு இதைச் சொன்னாள். “முதல்ல மகளுக்குப் போன் போடுங்க” என்றேன். ஸ்பீக்கரில் போட்டாள்.

“பிர்கிட், கெஸ்ட்லர் வந்தார். அந்தக் குழாய் எப்படியும் போயிருக்குமாம். உன் மேல தப்பில்ல.”



“குழாயைப் பத்திச் சொல்லத்தான் கூப்பிட்டியா? அன்னிக்கு நீ பேசின பேச்சு?” என்றாள் பிர்கிட். போனை வைத்துவிட்டாள்.

வால்ட்ராவுட் என்னைப் பார்த்தாள். “நல்லபடியாத்தானே சொன்னேன்?”