நாலு கட்டையில் அக்கா

எனக்கு வீட்டில் முந்திரிக்கொட்டை என்று பேர். வைத்தது அக்காதான்.

அக்கா மில்லர்புரத்தில் பாட்டு வகுப்பு நடத்தினாள். கோயில் கச்சேரிகளில் ஐந்து கட்டைச் சுருதியில் கணீரென்று பாடியவள். தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு மேலே போனால் குரல் பிசிறியது. சுருதியை நாலு கட்டைக்கு இறக்கி, போனில் தம்புரா ஆப்பைப் போட்டுக்கொண்டு, எட்டு மாதம் தினமும் காலையில் பழகினாள். "ஏளா, இப்ப இருக்குத தொண்டைல ஒரு பாட்டாவது பதிஞ்சு வச்சிரணும்" என்றாள். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

ஸ்டூடியோ வைத்திருந்தவர் நாசரேத்துக்காரர், சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர். பேஸ் கிடாரும் மெல்லிய கீபோர்டும் அடியில் ஓட, மேலே அக்காவின் கீர்த்தனை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கும்போதெல்லாம் நிறுத்திவிட்டு, முகம் சுளிக்காமல் மறுபடி பாடினாள். குரல் கனத்து, ஓரத்தில் கரகரத்தது. எனக்கு அழுகை வந்தது. பழைய குரல் வேண்டும் என்றிருந்தது.

அவள் கிளம்பியதும், பதிந்ததை ஐந்து கட்டைக்கு ஏற்ற முடியுமா என்று அவரிடம் கேட்டேன். கம்ப்யூட்டரில் சின்ன வேலைதான் என்றார். "அக்காட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்களேன்" என்றும் சொன்னார். நான் கேட்கவில்லை, ஏற்றச் சொன்னேன். அக்கா கேட்டு மலைத்துப்போவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் காட்டும் முன்பே குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டாயிற்று. 'ஆபரேஷன் ஆன தொண்டை மாதிரியா இருக்கு' என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள்.

குழுவில் வந்த பாட்டோடு சேர்த்து அக்கா தம்புரா ஆப்பை நாலில் போட்டாள். ஒட்டவில்லை. ஏற்றிக்கொண்டே போனாள், ஐந்தில் ஒட்டியது. இரண்டையும் நிறுத்தினாள்.

"ஒனக்கும் என் கொரல் பிடிக்கலையாளா?"

"மாத்திப் போட்டுருதேன்க்கா."

"வேண்டாம். இனி மாத்துனா கொரலுக்கு என்னாச்சுன்னு கேப்பாவ. இருக்கட்டும்."

அதற்குப் பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததோடு சரி, தனக்கென்று பாடவில்லை. மறு வருஷம் நோய் திரும்பி வந்தது. இந்தத் தடவை அவளை விடவில்லை.

பதினாறாம் நாள் வீட்டில் ஸ்பீக்கரில் அந்த ஐந்து கட்டைப் பாட்டைப் போட்டார்கள். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. அவளிடம் கடைசிவரை ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை நான். பாட்டு முடியும் முன்பே எழுந்து ஸ்டூடியோவுக்குப் போனேன். அக்கா நாலில் பாடிய அசல் பதிவை அவர் அழிக்காமல் வைத்திருந்தார். போனில் ஏற்றிக் கொடுத்தார்.

அங்கேயே நின்று கேட்டேன். அதே கனம், அதே கரகரப்பு. ஒரு இடத்திலும் சுருதி விலகவில்லை. அன்றைக்கு இது என் காதில் விழவே இல்லை. வாசலில் வைத்தே குழுவில் போட்டேன்.

சித்தி மகன்தான் முதலில் பதில் போட்டான். "நல்லாருக்கே, இது யாரு பாடுனது?"

அக்கா என்று எழுதினேன்.