சுவரில் சேராத கதிர்

தாம்பரத்தில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது எங்கள் லேபில் எனக்கு ஒரு வருடம் மூத்தவர் ஓர் அக்கா. நியூட்ரான் மிகுந்த ஓர் அணுக்கருதான் அவருடைய தீசிஸ். கிளர்ந்த நிலையில் அது கண நேரம்கூடத் தங்காது. தணிகிறபோது வரிசையாகக் காமா கதிர்களை விடும். அவற்றின் ஆற்றலை வைத்துத்தான் உள்ளே எப்படி அமைந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். டேட்டா எடுத்தது வடக்கே ஓர் ஆக்சிலரேட்டரில். அலசல் எல்லாம் இங்கே, எங்கள் டிபார்ட்மெண்ட் கம்ப்யூட்டரில்.

கதிர்களின் ஆற்றலை வரைந்து காட்டும் ஸ்பெக்ட்ரத்தில் ஒரு சின்ன மேடு, ஆயிரத்து நானூற்று அறுபது கிலோ எலக்ட்ரான்வோல்ட்டை ஒட்டி. எங்கள் தொழிலில் அந்த எண்ணைக் கண்டாலே தள்ளிவிடுவோம். கான்கிரீட் சுவரில் இருக்கும் பொட்டாசியம் எந்த லேபிலும் அங்கேதான் வந்து நிற்கும். அக்கா மட்டும் விடவில்லை. சுவரிலிருந்து வருவது தனியாக வரும். இது அணுக்கருவின் மற்றக் கதிர்களோடு சேர்ந்தே பதிவாகிறது, பொட்டாசியத்துக்கு அடியில் இன்னொரு கதிர் ஒளிந்திருக்கிறது என்றார். கைடு சார் நல்ல மனிதர், கத்தவெல்லாம் மாட்டார். தற்செயலாகச் சேர்ந்திருக்கும் என்று சிரித்தார்.

"சுவத்தப் பத்தியெல்லாம் பேப்பர் போட முடியாதும்மா. அதை எடுத்துடு."

சார் முன்னால் நான் நல்ல பிள்ளை. டீக்கடைக்கு வந்து அவரைக் கிழித்துத் தொங்கவிடுவேன். ஆக்சிலரேட்டரில் மறுபடி பீம் நேரம் கிடைத்தால் அளந்து நிரூபித்துவிடலாம். கிடைத்தபோது அக்கா மாசமாக இருந்தார். கதிர்வீச்சு உள்ள இடத்துக்கு எப்படிப் போவது? சார் அந்த நேரத்தை வேறோர் அணுக்கருவுக்குக் கொடுத்துவிட்டார். அந்த மேடு இல்லாத தீசிஸில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குழந்தை பிறந்தபின் அக்கா திரும்பவில்லை. கூடுவாஞ்சேரியில் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்குப் பாடம் எடுக்கப் போய்விட்டார்.

சில வருடங்கள் கழித்து வெளிநாட்டுக் குழு ஒன்றின் கட்டுரை வந்தது. அதே அணுக்கரு, அதே இடத்தில் புதிய கதிர், படத்தில் அம்புக்குறி வேறு. எனக்குத் தலைகால் புரியவில்லை. பிரின்ட் எடுத்துக்கொண்டு மின்சார ரயிலைப் பிடித்து ஓடினேன். அக்கா ஜெயித்த சேதியைச் சொல்லப் போகிறேனாம், மகா புத்திசாலி!

அக்கா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கட்டுரையை நின்றபடியே படித்தார். காபி போடுகிறேன் என்று உள்ளே போனவர் வெகு நேரம் வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். அடுப்பையே பற்றவைக்காமல் நின்றிருந்தார்.

"நாமதான் தப்பா பார்த்துட்டோம்னு நினைச்சு நிம்மதியா இருந்தேன்டி," என்றார். "இனிமே எப்படி இருக்கிறது?"