மூன்று பேர் இருந்த அறை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய அரச கிளினிக்கில் தாதியாக இருக்கிறேன். முன்பு மூன்று பேர் செய்த வேலை அது. மூத்தவர் ஓய்வு பெற்றார், இளையவள் லண்டனுக்குப் போனாள். பதிலுக்கு எவரும் வரவில்லை. காயத்துக்கு மருந்து கட்டுவது, ஊசி போடுவது, பிரஷர் பார்ப்பது எல்லாம் நான்தான். காலையிலிருந்து எத்தனையோ பேரோடு கதைக்கிறேன். சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போது, என்ன கறி என்று கேட்க ஒருவரும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை, இன்சுலினை ஊசியில் எடுத்துவிட்டு, அதைப் போட வேண்டியவரின் பெயரைக் கூப்பிட்டேன். அதே நேரம் கட்டிலில் கால் புண்ணோடு இருந்தவர் தலை சுற்றுகிறது என்றார். அவரைப் படுக்கவைத்துவிட்டுத் திரும்பினேன். கதிரையில் ஓர் அம்மா கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். பஞ்சால் துடைத்து, ஊசியைக் கிட்டக் கொண்டுபோய்விட்டேன்.

"மிஸி, பிரஷருக்கும் இப்ப ஊசியா?"

கை அப்படியே நின்றது. அன்று ஒரே பெயரில் இரண்டு பேர் வந்திருந்தார்கள். இன்சுலின் போட வேண்டிய சீனி வருத்தக்காரர் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

"இல்லையம்மா, என்ர பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"தனியா நின்னு நீங்களும் என்னதான் செய்வீங்க" என்றார் அவர்.

கிளினிக் முடிந்ததும் டொக்டரிடம் போய், நடந்ததை எழுதித் தரப்போகிறேன் என்றேன்.

"ஒண்டும் நடக்கேல்லைத்தானே மிஸி? எழுதினா உங்கட தலையிலதான் விழும்."

"விழட்டும் டொக்டர். அந்த அம்மா கேக்காம இருந்திருந்தா?"

எழுதி முடித்ததும் அவர் வாங்கி வாசித்தார். ஊசி போடும் நேரம் அறையில் இரண்டு தாதிகளாவது வேண்டும் என்று நான் எழுதியதன் கீழ், தானும் கையெழுத்து வைத்தார்.

மேலிடத்திலிருந்து முதலில் வந்தது என்னிடம் விளக்கம் கேட்ட கடிதம். அன்று பின்னேரம் வெள்ளவத்தையில் என் அறைக்கு வந்து, லண்டனில் இருப்பவளுக்குப் போன் எடுத்தேன்.

"இங்கயும் வேலைக்கு ஆள் காணாது அக்கா. வார்ட்டில நிக்கிறன், பிறகு எடுக்கிறன்."

அவள் திரும்ப எடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு தாதியை அனுப்பினார்கள், கிழமையில் இரண்டு நாளுக்கு மட்டும். மற்ற நாட்களில், ஊசி எல்லாம் முடியும்வரை நான் மருந்து கட்டத் தொடங்குவதில்லை. வாங்கில் காத்திருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். சிலர் முகம் கொடுத்துக் கதைப்பதுமில்லை. நான் ஒவ்வொருவரிடமும் முழுப் பெயரையும் விலாசத்தையும் கேட்டுவிட்டுத்தான் ஊசியைக் கையில் எடுக்கிறேன்.