கட்டை இல்லாத தாம்போதி

வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கும் தார் றோட்டை உள்ளங்கால்தான் கண்டுபிடிக்க வேண்டும். மேலே குளிர்ந்த கலங்கல் தண்ணீர் முழங்காலை இழுத்துக்கொண்டு ஓடும், கீழே தாரில் பதிந்த சல்லி பாதத்தில் குத்தும். அந்தக் குத்து இருக்கும்வரை றோட்டில் நிற்கிறோம் என்று அர்த்தம், குத்து நின்று சேறு வழுக்கினால் அடுத்த அடி பள்ளம். கடலோரச் சாய்ந்தமருதிலிருந்து மேற்கே, வயல்களுக்கு நடுவில் கிடக்கும் எங்கள் ஊருக்கு இருந்த ஒரே வழி, ஆற்றுக்குக் குறுக்கே தாழப் போட்ட ஒரு "தாம்போதி". மாரியில் தண்ணீர் அதன் மேலால் பாய்ந்துதான் கடலுக்குப் போகும். அதற்காகவே இரண்டு ஓரங்களிலும் இடுப்பளவு உயரத்தில் கொங்கிறீட் கட்டைகளை வரிசையாக நட்டு வெள்ளை அடித்து வைத்திருந்தார்கள். றோட்டைத் தண்ணீர் மூடினாலும் கட்டைகளின் தலை வெளியே தெரியும். இரண்டு வரிசைக்கும் நடுவால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறவரும் போவார், உழவு இயந்திரமும் போகும். அந்தக் கட்டைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

என் பள்ளிக்கூடக் காலம் முழுவதும் ஆபத்து என்றால் அது கடல்தான். சுனாமி கரையோர ஊர்களை அள்ளிக்கொண்டு போன நாளில் அலை எங்களை எட்டவில்லை, சொந்தக்காரர்கள் ஈர உடுப்போடு எங்களிடம்தான் ஓடி வந்தார்கள், அதனால் எங்களுடையது "தப்பின ஊர்" ஆகிவிட்டது. அதன் பிறகு கரையோரப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணியடித்ததும் ஓடிப் பழகினார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓடி வருகிறவர்களை வரவேற்கப் பழகினோம்! ஒருத்தி பாய் விரிப்பாள், ஒருத்தி பிஸ்கட் கொடுப்பாள், நான் தண்ணீர்க் கோப்பையோடு வாசலில் நிற்பேன், வராத ஆட்களுக்காக. எங்களுக்கே ஒன்று நடந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. வீட்டில் கேட்டால் வாப்பா சிரிப்பார். "இஞ்ச என்ன புள்ள வரப்போகுது? அல்லாஹ் காவல்." அல்லாஹ்வின் காவலில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, வாப்பாவின் அந்தச் சிரிப்பில்தான் சந்தேகம்.

வாப்பா விவசாயிகள் சங்கத்தில் முன்னுக்கு நிற்கிற மனிதர். அந்த வருடம் வெள்ளாமை வெட்ட ஆட்கள் கிடைக்காமல், முதல்முதலாக ஒரு "வெட்டு மெசின்" எடுப்பித்தார்கள். வந்த மெசின் தாம்போதி வாயில் நின்றுவிட்டது. அதன் முன்பக்கம் அவ்வளவு அகலம், கட்டைகளுக்கு நடுவால் நுழையவே இல்லை. அந்தப் பக்கம் கதிர் முற்றி நெல் உதிர்ந்துகொண்டிருந்தது, இந்தப் பக்கம் சாரதி இஞ்சினை நிறுத்தாமல் உறுமிக்கொண்டிருந்தார். சங்கத்து ஆட்கள் கூடிக் கூடிக் கதைத்தார்கள். கடைசியில் சம்மட்டி வந்தது. பள்ளப்பக்க வரிசையின் முதல் கட்டையை உடைத்தவர் என் வாப்பா. மெசின் ஊருக்குள் போனபோது பெருநாள் மாதிரி ஒரே சத்தமும் சிரிப்பும்.

அன்று வீட்டில் உம்மா சண்டை பிடித்தார். "ஓரத்த ஒடச்சிப்போட்டு மழைக்கு எப்பிடிப் போற? அதச் செல்லுங்களன்."

"வெட்டு முடியட்டும், மறுகா நட்டுறலாம்" என்றார் வாப்பா.

எங்கள் பக்கத்தில் "மறுகா" என்றால் பிறகு. நியாயத்தைச் சொல்ல வேண்டும்: விளைந்த வயலை விட்டுவிட்டு நிற்க எந்த விவசாயியாலும் முடியாது, அன்றைக்கு உடைத்ததை நான் குற்றம் சொல்லவே மாட்டேன். ஆனால் வெட்டும் முடிந்தது, வெயிலும் முடிந்தது, மாரி விதைப்பும் வந்தது, அந்த மறுகா மட்டும் வரவில்லை. ஒரு அரசாங்கக் கந்தோரில் "இது எங்கட றோட்டில்ல" என்றார்கள். இன்னொரு கந்தோரில், றோட்டு எங்களுடையதுதான், தாம்போதி எங்களுடையது அல்ல என்றார்கள். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முன்னால் நின்று எல்லோரும் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். இதற்கிடையில் விழுந்து கிடந்த கட்டைகள் நடக்கத் தொடங்கின. ஒன்று ஒரு வீட்டுக்குப் படியானது, ஒன்று கடை வாசலில் இருக்கையானது, ஒன்று எங்கள் கிணற்றடியில் உடுப்புத் துவைக்கிற கல்லானது. உம்மா அதில் வாப்பாவின் சாரனை அடித்த அடியில் கோபம் நன்றாகவே கேட்டது.

அந்த மார்கழியில் என் மூத்தவள் ராத்தாவுக்குச் சாதாரண தரப் பரீட்சை, பதினோராம் தரத்தின் முடிவில் எழுதுவது. ராத்தா கணக்கில் கெட்டிக்காரி, ஆசிரியர் கரும்பலகையில் விடும் பிழையை எழுந்து நின்று திருத்துகிறவள், கணிதம் படிப்பிக்கிற ரீச்சராக வரவேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை அவளுக்கு இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பரீட்சை மண்டபம் தாம்போதிக்கு அப்பால், கடைத்தெருவும் கந்தோர்களும் உள்ள ரவுனில். மழைக்குப் பயந்து ஆண்பிள்ளைகளை எல்லாம் முன்கூட்டியே ரவுனில் சொந்தக்காரர் வீடுகளில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். ராத்தாவையும் சாய்ந்தமருதில் மாமி வீட்டில் விடுவோம் என்று உம்மா கெஞ்சினார். வாப்பா கேட்கவில்லை.

"குமர்ப்புள்ளய இன்னொரு வீட்டில விட்டுட்டு நான் நித்திர கொள்ளவா? வீட்டில இருந்தே போகட்டும். இஞ்ச என்ன வரப்போகுது?"

கணக்குப் பரீட்சைக்கு முதல்நாள் விடாமல் மழை, மேலே குளத்தின் கதவுகளையும் திறந்துவிட்டார்கள். காலையில் நாங்கள் தாம்போதிக்குப் போனபோது றோட்டும் இல்லை, ஆறும் இல்லை, ஒரே மண்ணிறத் தண்ணீர். மேட்டுப்பக்க வரிசையிலும் பாதிக் கட்டைகளை அதே வருடத்து அடுத்த போக வெட்டில் தட்டிவிட்டிருந்தார்கள், மிச்சம் நின்றவை அடித்து வந்த வாழைக்குப்பையிலும் மிதக்கிற ஆற்றுவாழைப் பூண்டிலும் மறைந்து போயிருந்தன. வெள்ளைச் சீருடையோடு நாலைந்து பெண்பிள்ளைகள் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறி நின்றார்கள். ராத்தா தன் கொம்பாஸ் பெட்டியைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தாள். சாரதி இறங்கி, தண்ணீரைப் பார்த்து, வாப்பாவிடம் திரும்பி வந்தார்.

"காக்கா, ஆழத்துக்குப் பயமில்ல, முழங்கால் தண்ணிதான். ஓரம் எங்க எண்டு தெரியல்லயே. பொம்புளப் புள்ளயள வெச்சிட்டு நான் எறக்க மாட்டன்."

அவர் சொன்னது சரி. எனக்கு இன்றுவரை தாங்க முடியாதது அதுதான்: முழங்காலளவு தண்ணீர், அவ்வளவுதான்! வாப்பா இடுப்பில் கயிற்றைக் கட்டி, கயிற்றின் மறுமுனையைச் சாரதியிடம் கொடுத்து, ஒரு கம்பால் தட்டித் தட்டி இறங்கினார். பாதித் தூரம்கூடப் போகவில்லை, ஓரத்தைத் தாண்டிக் கால் வைத்துவிட்டார், ஆள் கழுத்துக்குமேல் போய்விட்டார். "படச்சவனே!" என்று உம்மா கத்தியது அக்கரைக்கே கேட்டிருக்கும். இழுத்துக் கரையேற்றியபோது வாப்பாவின் கையில் கம்பு இல்லை.

ராத்தா அப்போதும், "வாப்பா, நேரம் போகுது" என்று மட்டும்தான் சொன்னாள்.

அக்கரையிலிருந்து ஒரு படகு வந்தது, வராமல் இல்லை. நண்பகல் தொழுகைக்கு ளுஹர் பாங்கு சொல்லிக் கன நேரம் கழித்து வந்தது. அதற்குள் விடைத்தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். படகில் வந்தவர்கள் எங்களுக்குச் சோற்றுப் பார்சல் கொடுத்தார்கள். ராத்தா அழவில்லை, பார்சலையும் வாங்கவில்லை, அழுதது நான்தான்.

வெள்ளம் வடிந்ததும் வாப்பா கிணற்றடிக் கட்டையைத் தோண்டி எடுத்து, தோளில் சுமந்துகொண்டு போய், தாம்போதி ஓரத்தில் தன்னந்தனியாக நட்டு வைத்துவிட்டு வந்தார். அவ்வளவு நீளமான ஓரத்துக்கு ஒரே ஒரு கட்டை! பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அடுத்த வெட்டுக்கு அதுவும் போய்விட்டது. ராத்தா மறுவருடம் எழுதலாம் என்று காத்திருந்தாள், அதற்குள் நல்ல இடத்தில் சம்பந்தம் வந்தது. கலியாணம் முடியட்டும், மறுகா எழுதலாம் என்றார்கள். எங்கள் வழக்கப்படி வீடு மூத்த மகளுக்கு, மாப்பிள்ளை அங்கே வந்தார், பிள்ளைகள் வந்தார்கள். அவள் எழுதவே இல்லை. வாப்பா மௌத்தாகும்வரை அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கதைத்ததில்லை, அந்த மௌனத்தை நான் இன்னும் அவருக்கு மன்னிக்கவில்லை.

இப்போது தாம்போதியில் ஒரு கட்டைகூட இல்லை. அங்கே கட்டைகள் இருந்தன என்று சொன்னால் சின்னப் பிள்ளைகள் நம்புவதும் இல்லை. மழைக்கு முன்னே போனில் எச்சரிக்கை வந்து விழுகிறது, அதை எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பிவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். போன மாதம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள், நானும் போயிருந்தேன். இளம் உத்தியோகத்தர் ஒருவர் சுவரில் வரைபடம் தொங்கவிட்டு, கடற்கரை சிவப்பு, உங்கள் ஊர் பச்சை, அபாயம் குறைவு, கடல் கொந்தளித்தால் கரையோர மக்களை இங்கேதான் கொண்டு வருவோம் என்று மகிழ்ச்சியாக விளக்கினார்.

பின்வரிசையிலிருந்து ராத்தா எழும்பினாள். "எந்த றோட்டால தம்பி?"

அவர் வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தார். அதில் தாம்போதி ஒரு மெல்லிய கோடு. மேலிடத்துக்கு அறிவிப்பதாகச் சொன்னார், எல்லோருக்கும் தேநீர் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ராத்தா, ரவுன் பள்ளிக்கூடத்தில் பத்தாம் தரம் படிக்கும் தன் மகளைப் புத்தகப் பையோடும் உடுப்புப் பையோடும் என் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். ஒரு சொட்டு மழைகூட இன்னும் விழவில்லை. மாரி முடியும்வரை இங்கேயே இருந்து பள்ளிக்கூடம் போகட்டும் என்றாள். பிள்ளை உம்மாவை விடமாட்டேன் என்று விக்கி விக்கி அழுதது. நான் இருப்பது சாய்ந்தமருதில், கடற்கரை வீதியில். முற்றத்தில் நின்றால் அலை தெரியும்.

"ராத்தா, என்ட வீடு அந்தப் படத்தில சிவப்புக்குள்ள இரிக்கி" என்றேன்.

அவள் மகளின் கண்ணைத் துடைத்துவிட்டு, செருப்பை மாட்டினாள்.

"தெரியும். கடல் ஒருக்காத்தான் வந்திச்சி. எங்கட தண்ணி வருசா வருசம் வருது."